எழுதியதற்கு மட்டுமே காப்பு

புதிதாக ஒரு கருவியைச் செய்தவரிடம், ‘முதலில் ஒரு புரொவிஷனல் பேட்டன்ட் போட்டு வையுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். ஆலோசனையின் முற்பாதி சரியானது. இந்தியாவில் யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதுதான் கணக்கு. யாருக்கு முதலில் தோன்றியது என்று யாரும் கேட்பதில்லை. பொருளை விற்றுவிட்டாலோ, அதன் இயக்கத்தைக் காணொளியில் விளக்கிவிட்டாலோ புதுமை என்ற தகுதி போய்விடும். கண்காட்சிக்கும் ஆய்வரங்குக்கும் சட்டம் தரும் சலுகை மிகக் குறுகியது. புரொவிஷனல் என்னும் இந்தத் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பத்தைத் தனிநபர் இணையவழியில் போடக் கட்டணம் 1,600 ரூபாய். எதற்கெல்லாம் உரிமை கோருகிறோம் என்ற பட்டியல்கூட அப்போது வேண்டாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதில்தான் வம்பு. அந்த முதல் விண்ணப்பத்தின் தேதி, அன்று தாளில் விளக்கிய விஷயத்துக்கு மட்டுமே செல்லும். அமெரிக்காவின் நியூ ரெயில்ஹெட் நிறுவனம், நிலத்தடியில் பாறையைக் கிடைமட்டமாகத் துளைக்கும் அலகு ஒன்றை 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, 1997 பிப்ரவரியில் புரொவிஷனல் விண்ணப்பம் போட்டது. அங்கே விற்பனைக்குப் பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு என்பதால் காலம் தவறவில்லை. காப்புரிமையும் கிடைத்தது. போட்டி நிறுவனமான வெர்மீர்மீது வழக்குப் போட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது. அலகு, தன்னைத் தாங்கும் கூட்டுக்குச் சாய்வாக அமைந்திருக்கும் என்று காப்புரிமை கோரியது. அந்தச் சாய்வை முதல் விண்ணப்பம் சொல்லவே இல்லை. எனவே அதன் தேதி செல்லாது என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தேதி போனதும், சொந்த விற்பனையே காப்புரிமையைச் செல்லாததாக்கியது. இந்தியச் சட்டமும் முதல் விண்ணப்பத்தில் வெளிப்படுத்தியதை ஆதாரமாகக் கொண்ட கோரிக்கைக்கே அதன் தேதியைத் தருகிறது. இரண்டு பக்கச் சுருக்கத்தை எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவ்வளவு விரிவாக எழுத முடிந்தால் நேரே முழு விண்ணப்பமே போடலாமே என்று கேட்கலாம். சோதனை முடிந்து வடிவம் உறுதியாகிவிட்டிருந்தால் அப்படியே செய்யலாம். பெரும்பாலும் அது முடிந்திருக்காது. அந்த ஓராண்டில் கருவியைத் திருத்தலாம், முதலீட்டாளரைத் தேடலாம், எந்தெந்த வெளிநாடுகளில் விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கலாம். இடையில் ஒரு மேம்பாடு தோன்றினால் அதற்கு இன்னொரு புரொவிஷனல் போட்டு, முதல் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் தொடர்புடையவற்றை ஒரே முழு விவரக்குறிப்பாகச் சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. விரிவாக எழுதினால் ரகசியம் போய்விடும் என்ற அச்சமும் வேண்டாம். ஓராண்டில் கைவிட்ட விண்ணப்பத்தை அலுவலகம் வெளியிடுவதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்த விண்ணப்பத்தைக் காட்டி யாரையும் தடுக்க முடியாது. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகே வழக்குப் போடலாம். அதோடு, இந்தியாவில் 20 ஆண்டுக் காலமும் இந்த முதல் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. அதனால் அரைகுறை யோசனையோடு ஓடிப்போய் விண்ணப்பிப்பது வீண் அவசரம். துறை தெரிந்த ஒருவர் உங்கள் விளக்கத்தைப் படித்தே கருவியைச் செய்துவிட முடியும் என்ற நிலை வந்ததும், வெளியார் எவருக்கும் காட்டுமுன் விண்ணப்பியுங்கள். பட்டறையை விட்டு இன்னும் ஆறு மாதம் வெளியே போகாத கருவிக்கு அதுவரை பொறுக்கலாம். நாளை ஒரு தொழிற்சாலையில் இயக்கிக் காட்டப்போகும் கருவிக்கு இன்றே போட்டாக வேண்டும்.