நிலத்தடி நீர்க் கணக்கின் பிழைகள்

ஆற்றில் ஓடும் நீரைக் கண்ணாற் காண்கிறோம், அளந்தும் பார்க்கிறோம். பூமிக்கடியில் ஊர்ந்து செல்லும் நீரையோ, கிணறு தோண்டிய இடத்தில் மட்டுமே காண முடிகிறது. ஓர் ஊரில் புதிதாகப் பத்து ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்தால் அடுத்த ஊரின் குடிநீர்க் கிணறு என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை காணக் கணிதத்தின் துணை வேண்டும். இக்கணக்கைச் செய்ய உலகெங்கும் பெரிதும் வழங்கும் மென்பொருள் ‘மாட்ஃப்ளோ’ என்பதாகும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை இதனை 1984ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. விலையின்றி யாவர்க்கும் கிடைப்பது இது. இதனைக் கையாளுவோர்க்கு நேரும் பொதுவான இடையூறுகள் சிலவற்றையும், அவற்றை அணுகும் வகையையும் நேயர்களுடன் இன்று ஆராய்வோம்.

கணக்கின் அடிப்படை எளியது. பிரெஞ்சுப் பொறியியலாரான ஆன்றி தார்சி, திஜோன் நகரில் மணல் நிரப்பிய குழாயினூடே நீரைச் செலுத்திக் கண்ட விதியை 1856இல் வெளியிட்டார். நீர்மட்டங்களின் வேறுபாட்டுக்கும், மணலின் நீர்கடத்தும் திறனுக்கும் ஏற்ப ஓட்டம் அமையும் என்பதே அவ்விதி. மென்பொருள், நிலத்தைக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வரவையும் செலவையும் இருப்பையும் சமன் செய்கிறது. உத்தேசமான மட்டத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்தி, மாறுதல் மிகச் சிறிதானதும் நின்றுவிடுகிறது. திருத்தங்கள் அடங்காமல் விடை ஊசலாடினால், கணக்குக் ‘குவியவில்லை’ என்பர்.

அப்பொழுது எழும் முதல் ஆசை, குவிதலுக்கென வகுத்த வரம்பைத் தளர்த்திவிடுவது. அதனால் ஓலம் அடங்குமேயன்றி நோய் நீங்காது. நாம் முதலில் ஆராய வேண்டியவை நாம் கொடுத்த எண்களே.

அவற்றுள் தலையாயது அலகு. நீளத்துக்கு மீட்டர், காலத்துக்கு நாள் என்று தொடங்கினால் இறுதிவரை அவ்வாறே செல்ல வேண்டும். நம் எண்களின் பொருளை மென்பொருள் அறியாது. வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் கிணறு, நாளொன்றுக்கு 432 கன மீட்டர் இறைக்கிறது. 432 என எழுத வேண்டிய இடத்தில் 5 என்று எழுதினால் அக்கிணறு இருந்தும் இல்லாதது போலாகும். குறியும் அத்தகையதே. நீரை எடுக்கும் கிணற்றுக்குக் கழித்தற்குறி இடுவது மரபு. அக்குறி விடுபட்டால் கிணறு நீரை உள்ளே பொழியும். நீர்மட்டம் உயர்வதாக அறிக்கை கூறும். அதனை நம்பி அனுமதியும் வழங்கப்படலாம்.

இரண்டாவது, எல்லை. கால மாறுதலற்ற நிலைக் கணக்கில், நாற்புறமும் நீர் புகாச் சுவராக வைத்து, ஓர் ஆற்றின் மட்டத்தையோ ஏரியின் மட்டத்தையோ குறிப்பிடாமல் விட்டால், விடை ஒன்றாக நிலைபெறாது. எங்கேனும் ஓரிடத்தில் மட்டம் நிலத்தோடு பிணைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, வறண்ட கட்டங்கள். நீர்மட்டம் ஒரு கட்டத்தின் அடித்தளத்துக்குக் கீழே இறங்கினால், பழைய முறையில் அக்கட்டமே கணக்கினின்று நீக்கப்படும். அதிலுள்ள கிணற்றின் இறைப்பும் உடன் மறையும். அண்டைக் கட்டத்தின் மட்டம் உயர்ந்தால் மீண்டும் நனைக்கும் வசதி உண்டு. ஆனால் கட்டம் மாறி மாறி வறண்டும் நனைந்தும் கணக்கை அலைக்கழித்தலும் உண்டு. 2011இல் வந்த நியூட்டன் முறைப் பதிப்பு, வறண்ட கட்டத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு இவ்வலைச்சலைப் பெரிதும் குறைத்தது. நீர் குறையுமிடத்து இறைப்பு தானே குறையும் ஏற்பாடும் அதில் உண்டு. ஆதலின் நாம் கேட்ட இறைப்பும் கிடைத்த இறைப்பும் ஒன்றா என்று ஒப்பிடுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நிலத்தையும் கேட்க வேண்டும். தக்காணத்தின் கடும்பாறைப் பகுதிகளில் மேலுள்ள சிதைந்த பாறை அடுக்கு பல இடங்களில் மெல்லியதே. கோடையில் திறந்த கிணறுகள் மெய்யாகவே வற்றுகின்றன. அங்கே கட்டம் வறண்டால் அது பிழையன்று, செய்தி. வற்றாத கிணறுள்ள இடத்தில் வறண்டால், அடித்தளத்தின் ஆழத்தையோ, தொடக்க மட்டத்தையோ, இறைப்பின் அளவையோ நாம் தவறாகக் கொடுத்திருக்கிறோம்.

நான்காவது, கணக்கு நின்றபின் வரவு செலவுப் பட்டியலைப் பார்த்தல். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு 1 சதவீதத்துக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது பொது வழக்கு. மிகுந்தால், குவிந்ததாகச் சொல்லும் விடையையும் ஏற்றல் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் விடை தவறாகலாம் என்பதே நாம் மறக்கலாகாத செய்தி. இறைப்பு சிறிதாக உள்ள பகுதியில், மழையால் ஊறும் நீரையும் பாறையின் கடத்தும் திறனையும் ஒருங்கே இருமடங்காக்கினாலும், நிலைக் கணக்கில் கிணற்று மட்டங்கள் ஏறத்தாழ அவ்வாறே அமையும். மட்டங்கள் பொருந்திவிட்டன என்று மகிழ்ந்து, உள்ளதைப் போல் இருமடங்கு நீர் உண்டென்று நாம் சொல்லிவிடக் கூடும். ஆற்றுக்கு ஊறிவரும் நீர் போன்ற ஓட்டம் ஒன்றையும் அளந்து ஒப்பிட்டாலன்றி இம்மயக்கம் தீராது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உழலும் நமக்கு இது பழகிய பாடமே: தடையின்றி ஓடும் வாக்கியமெல்லாம் மூலத்துக்கு உண்மையானதாக இருப்பதில்லை.

ஆதலின், கணக்கு முரண்டு பிடிக்குமிடத்து அதனை வலிந்து அடக்காமல், எந்தக் கட்டத்தில் முரண்டு பிடிக்கிறது என்று கண்டு, அக்கட்டத்துக்கு நேரான நிலத்துக்குச் சென்று கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பதே நேரிய வழி. கணிப்பொறியில் விழுந்த பிழையை மறுநாள் திருத்திவிடலாம். அதனை நம்பி வற்றச் செய்த கிணற்றில் நீர் ஊறப் பல மழைக்காலங்கள் செல்லும். அதுவரை குடத்துடன் நடப்பவர் கணக்குப் போட்டவர் அல்லர்.