உஷார்! தேயிலைத் தூரில் கம்பிச் சுருக்கு

பெரகல சந்தியில் இருந்து ஹப்புத்தளைக்கு ஏறினாலும் சரி, கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினாலும் சரி, தேயிலை மலை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். அந்த ஓரத்தில்தான் இப்போது ஆபத்து. கொழுந்துக்குப் போகிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், பீலிக்குத் தண்ணீர் வரவில்லை என்று குழாய் பார்க்க ஏறுகிறவர்கள் எல்லாரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

போன மாதம் எங்கள் பக்கத்து மலையில் ஒரு அக்கா கடைசி நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு எட்டு வைத்ததும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்ததாம். குனிந்து பார்த்தால் இடுப்பில் கட்டியிருந்த படங்கின் கீழ் நுனியைக் கம்பி இறுக்கிப் பிடித்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி. ஒரு நுனியில் சின்னக் கண், அதற்குள் ஓடும் பெரிய வளையம். மறு நுனி தேயிலைத் தூரில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பாசி பிடித்து, காய்ந்த கொடி மாதிரியே கிடந்தது. படங்கு இல்லாத ஒரு பிள்ளையின் காலாக இருந்திருந்தால் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும்.

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "பன்றிக்கு வச்சது." இருக்கலாம். லயத்துக்குப் பின்னால் போட்ட நாலு பாத்தி கிழங்கை ஒரே இராத்திரியில் பன்றி கிளறிப்போட்டால் வருகிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கம்பிக்குப் பன்றி எது, மரை எது, மனுசன் எது என்று தெரியாது. நாம் புலி என்று சொல்கிற சிறுத்தையும் அதே தடத்தில்தான் நடக்கிறது.

2020 மே 26ஆம் தேதி நல்லதண்ணிப் பக்கம் லக்‌ஷபான தோட்டத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? அங்கே சுருக்கில் மாட்டியது கருஞ்சிறுத்தை. இந்த நாட்டில் கண்ணில் படுவதே அபூர்வமான உயிர். கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்ததை மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். மூன்றாம் நாள், மே 29, செத்துப்போனது. கம்பியை வெட்டிவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். அது இழுக்க இழுக்க இறுகும். தோலுக்குக் கீழே தசை நசுங்கும். இடுப்பில் விழுந்தால் உள்ளே குடலும் சிறுநீரகமும் கெடும். வெளியே ஒரு கோடு மட்டும் தெரியும். காட்டுக்குள் ஓடிப்போனதை "தப்பிச்சிருச்சு" என்கிறோம், அது எங்கே விழுந்து செத்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வயிற்றுக்கும் இல்லை, பயிருக்கும் இல்லை, வெறும் விளையாட்டுக்காக நடக்கிற வேட்டை. லீவு நாளில் நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி மரையைத் துரத்துகிறார்கள். மரை ஓடிக் களைத்துத் தண்ணீரில் இறங்கி நிற்கும். அங்கே வைத்து முடிக்கிறார்கள். இந்த முறை புதிதில்லை. 1840களில், 50களில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் நாய்க் கூட்டத்தோடு இதே மாதிரி மரை வேட்டையாடி, அதைப் பெருமையாகப் புத்தகமாகவும் எழுதினார். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 ஜூன் மாதம், நம்முடைய இதே ஹப்புத்தளையில், இடி விழுந்து செத்தார். இன்றைக்கு ஹப்புத்தளை மலையில் யானை எங்கே? சுட்டுச் சுட்டுக் காடு வெறிச்சோடியதைப் பார்த்து, வேட்டைக்காரர்களே கூடி 1894இல் வனவிலங்குகளுக்காக ஒரு சங்கம் அமைக்க வேண்டி வந்தது. துரைமார் கைவிட்ட அந்த விளையாட்டை நம் பையன்கள் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வது எனக்குச் சகிக்கவில்லை.

சிறுத்தை போனால் யாருக்கு நட்டம்? பன்றிக்குட்டியைப் பிடிப்பதும், முள்ளம்பன்றியைப் பிடிப்பதும், மரையைக் குறைப்பதும் அதுதான். இந்தத் தீவில் அதற்கு மேலே வேறு வேட்டை மிருகம் கிடையாது. அதைக் கம்பியில் கொன்றுவிட்டு, பன்றி பெருத்துவிட்டது என்று புலம்புவது நாமே நம் பாத்தியைக் கிளறுகிற வேலை.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது. மலை ஓரத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணிமார் முதலில் ஒரு கம்பால் தூரோரம் தட்டிப் பார்த்துவிட்டு ஆளை இறக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் வாச்சரை வாரம் ஒருமுறையாவது காட்டு எல்லை நெடுக அனுப்பிச் சுருக்குகளைக் கழற்ற வேண்டும். இது தொழிலாளியின் தலையில் கட்டுகிற வேலை இல்லை. பாத்திக்கு முள்வேலி போடுங்கள், தகரம் கட்டுங்கள், இரவில் விளக்கு வையுங்கள். "காட்டு இறைச்சி இருக்கு, ஒரு கிலோ எடுக்கிறீங்களா?" என்று யாராவது இரகசியமாகக் கதவைத் தட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்குகிற கை இருக்கும்வரை சுருக்கு வைக்கிற கை ஓயாது. சிறுத்தையைப் பிடிப்பதும் கொல்வதும், மரையைக் கொல்வதும் சட்டப்படி குற்றம்; வழக்கு வந்தால் இறைச்சி தின்ற வீடும் விசாரணைக்குப் போகும்.

மிருகம் மாட்டிக் கிடந்தால் தயவுசெய்து கிட்டப் போகாதீர்கள். போனில் படம் எடுக்கக் கூட்டம் சேராதீர்கள். வலியில் துடிக்கிற சிறுத்தை கம்பியை அறுத்துக்கொண்டு பாய்ந்தால் முன்னால் நிற்கிறவர் கதி என்ன? பிள்ளைகளையும் நாய்களையும் தூர அனுப்பிவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் பொலிசுக்கு 119. இரண்டு நம்பரையும் இப்போதே உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.