இறுதிப் பயணத்திற்கு ஒரு பெட்டி

பிறந்தவர் இறப்பது திண்ணம் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஆயினும் வீட்டில் ஓர் உயிர் பிரியும்போது, யாரை அழைப்பது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறோம். 2002ஆம் ஆண்டு என் தந்தையார் இறைவனடி சேர்ந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன். அன்று செய்த தவற்றையும் பின்னர் கற்றதையும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

இந்துக்கள் என்றால் தகனம்தான் என்று பலர் எண்ணுகின்றனர். வீரசைவர்கள் உடலை மண்ணிலிடுவர். துறவிகளைச் சமாதி வைப்பர். சிறு குழந்தைகளை அடக்கம் செய்வதே வழக்கம். எங்கள் குடும்பத்திலும் பெரியவர்களை அடக்கம் செய்வதே குலவழக்கம். சிங்கப்பூரில் இன்று அடக்கத்திற்குத் திறந்திருப்பது சுவா சூ காங் இடுகாடு ஒன்றே. 1998 முதல் அங்கே ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகளே தவணை. அதன்பின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, சமயம் அனுமதித்தால் தகனம் செய்வர். அடக்கம்தான் செய்ய வேண்டும் என்னும் சமயத்தாருக்குச் சிறிய குழியில் மீண்டும் இடுவர்.

இந்தத் தவணையைப் பற்றி அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தேக்குப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி, உள்ளே வெண்பட்டு என்று இருந்ததிலேயே விலை உயர்ந்ததைக் கடன்பட்டு வாங்கினேன். தந்தையார் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்தவர். அவருக்குக் குறை வைத்துவிட்டதாக உறவினர் பேசிவிடக் கூடாதே என்ற எண்ணமே எனக்குப் பெரிதாக இருந்தது.

16 ஆண்டுகள் கழித்து ஒரு காலை, என் தம்பியும் நானும் அந்தக் குழியருகே நின்றோம். ஈர மண்ணில் தேக்குப் பலகை கறுத்துப் பொடியாகியிருந்தது. பச்சை பூத்த இரண்டு கைப்பிடிகள் கிடைத்தன. எலும்புகளைக் கழுவித் தகனத்திற்குக் கொடுத்தோம். வீடு திரும்பியதும் அம்மா, "பெட்டி எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அம்மாவே புரிந்துகொண்டார். "எனக்குச் சாதாரணப் பெட்டி போதும். எரிச்சுடுங்க. மிச்சக் காசைக் கோயில் அன்னதானத்துக்குக் குடுத்துடு" என்றார். 2023இல் அவர் சொன்னபடியே செய்தோம்.

அந்த அனுபவத்தில் அறிந்தவை சில:

முதலில் மருத்துவரை அழைக்க வேண்டும். 29 மே 2022 முதல், இங்கு நேரும் மரணத்தை மருத்துவர் இணையம்வழி உறுதிப்படுத்தியதும் அது தானாகவே பதிவாகிவிடுகிறது. சான்றிதழும் மின்னிலக்க வடிவில் கிடைக்கிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் சடங்கு நடத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும்.

தகனத்திற்கு மெல்லிய மரப்பெட்டியே பொருத்தமானது. உலோகத் தகடு, கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவை வேண்டா. நகைகளைக் கழற்றிவிட வேண்டும். உடலில் இதயமுடுக்கி இருந்தால் அது சூளையில் வெடிக்கும். ஆகவே முன்கூட்டியே சொல்லி அகற்றச் செய்ய வேண்டும். அடக்கத்திற்கானால், குழியின் அளவைக் கேட்டறிந்த பிறகே பெட்டி வாங்குக. பெட்டி, வாகனம், சடங்குப் பொருள் ஆகியவற்றின் விலையைத் தனித்தனியே எழுதி வாங்குவது நல்லது.

சாம்பலைக் கடலில் கரைக்க, புலாவ் செமாக்காவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தொலைவில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. 2021 முதல் சுவா சூ காங்கில் சாம்பல் தூவும் தோட்டமும் உண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெரியவர்களின் விருப்பத்தை அவர்கள் நலமாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். கேட்பது அபசகுனம் அன்று. தந்தையாரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தத் தேக்குப் பெட்டியை அவரே வேண்டாம் என்றிருப்பார்.

அம்மாவின் திதியன்று கோயிலில் பந்தி நடக்கிறது. பசியாறி எழுவோரின் முகங்களில் அவரைக் காண்கிறேன். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக.