80 வாட் ஆவி! பலன் என்ன?

நாமக்கல்லில் இருந்து சேலம் போகும் சாலை. புதன்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. லாரிகள் வரிசையாக நின்றன.

ஒரு லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டு இருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். திடீரென்று இருமல் வந்தது. கிளாசைக் கீழே வைத்துவிட்டு இருமினார். வெகு நேரம் இருமினார்.

நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் அருகில் வந்தார்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. இருபது வருசமா பீடி குடிக்கறேன். டாக்டரு விடச் சொல்லிப்போட்டாரு. எங்கூட வண்டி ஓட்டற பையன், 'அண்ணா, பீடிக்குப் பதிலா வேப் வாங்கு. 80 வாட் வாங்கு. பவர் ஜாஸ்தியா இருந்தாத்தான் பீடி மறக்கும்'ங்கறான். அதுல ஏதாச்சும் பிரயோசனம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! பல வீடுகளில், பல வாலிபர்கள் மனத்தில் இருக்கும் கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

அது என்ன கருவி?

"வேப்" என்பது மின்சார சிகரெட். இன்று உலகில் பரவி இருக்கும் வகையை 2003-ஆம் ஆண்டில் உருவாக்கியவர், சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்து நிபுணர்.

இதில் நெருப்பு இல்லை. புகையிலைத் தூளும் இல்லை. உள்ளே ஒரு பேட்டரி. ஒரு கம்பிச் சுருள். அதை ஒட்டிக் கொஞ்சம் பஞ்சு. பஞ்சை நனைக்க ஒரு திரவம். இவ்வளவுதான்!

அந்தத் திரவத்தில் கிளிசரின் இருக்கிறது. புரொப்பிலீன் கிளைகால் என்ற ரசாயனம் இருக்கிறது. வாசனைப் பொருள் இருக்கிறது. பெரும்பாலும் நிகோடினும் இருக்கிறது. பீடியை விட முடியாமல் மனிதனைப் பிடித்து வைத்திருப்பது இந்த நிகோடின்தான்.

பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகும். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி மாதிரி! திரவம் ஆவியாகும். அந்த ஆவியை இழுக்கிறார்கள்.

முதலில் வந்த கருவிகள் 10 வாட் அளவில்தான் இருந்தன. பிறகு 80 வாட் வந்தது. 100 வாட் வந்தது. 200 வாட்டும் வந்தது!

வாட் என்றால் என்ன?

வாட் கூடினால் பலன் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீட்டு விளக்கையே பாருங்கள்.

முன்பு 60 வாட் குண்டு பல்பு போட்டோம். இப்போது 9 வாட் எல்.இ.டி. பல்பு போடுகிறோம். வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் 60 வாட்டில் மிச்சம் எங்கே போயிற்று? சூடாகப் போயிற்று!

வாட் என்பது ஒரு கருவி எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு. எவ்வளவு பலன் தருகிறது என்ற கணக்கு அல்ல.

10 வாட் கருவியும் 80 வாட் கருவியும் ஒரே நேரம் வேலை செய்தால், 80 வாட் கருவியில் எட்டு மடங்கு சூடு பிறக்கிறது. ஆவி மேகம் மாதிரி வருகிறது. வாலிபர்கள் அதை ஊதி வேடிக்கை காட்டுகிறார்கள்.

அந்த மேகத்துக்காகத் திரவம் பல மடங்கு செலவாகிறது. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. சுருளும் சீக்கிரம் கெடுகிறது. பார்க்கப் பெரிது! பைக்கும் பெரிய செலவு!

ஒரு பலனும் இல்லையா?

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒரு பலன் இருந்தது.

முதலில் வந்த சிறு கருவிகள் போதுமான நிகோடினைத் தரவில்லை. பீடி, சிகரெட் பழகியவர்களுக்கு அது போதவில்லை. வாட்டைக் கூட்டியதும் ஓர் இழுப்பில் கிடைக்கும் ஆவி கூடியது. நிகோடினும் கூடியது.

ஆனால் 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் "ஜூல்" என்ற கருவி விற்பனைக்கு வந்தது. விரல் நீளம்தான். வாட்டும் குறைவு. ஆனால் நிகோடின் ஏராளம்! திரவத்தின் செய்முறையை மாற்றியே இதைச் செய்துவிட்டார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதற்கு அடிமையானார்கள் என்பது வேறு கதை. வாட் கூட்டாமலே நிகோடின் கிடைக்கும் என்று அது காட்டிவிட்டது. இருந்த ஒரு பலனும் போயிற்று!

இங்கிலாந்தில் ஒரு சோதனை

சிகரெட்டை விட விரும்பிய 886 பேரை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஒரு பகுதியினருக்கு மின்சார சிகரெட் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிகோடின் பட்டை, சூயிங்கம் முதலியவற்றைக் கொடுத்தார்கள். இரு சாராருக்கும் ஆலோசனையும் சொன்னார்கள்.

ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். மின்சார சிகரெட் வாங்கியவர்களில் 100-க்கு 18 பேர் புகையை விட்டிருந்தார்கள். மற்றவர்களில் 100-க்கு 10 பேர் விட்டிருந்தார்கள்.

"அப்படியானால் வேப் நல்லதுதானே?" என்று கேட்கலாம். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: அங்கே கொடுத்தது மேகம் கிளப்பும் பெரிய கருவி அல்ல. சாதாரணக் கருவிதான்.

இரண்டு: வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்களில் 100-க்கு 80 பேர், ஓர் ஆண்டு கழித்தும் வேப்பை விடவில்லை! பேயை விரட்டப் போய்ப் பிசாசைப் பிடித்த கதை!

பாகு கருகினால்?

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். கொப்பரை நிறையச் சாறு இருக்கும்வரை அடுப்பு எரியலாம். சாறு வற்றிய பிறகும் தீயைத் தள்ளினால் என்ன ஆகும்? பாகு கருகும். வெல்லம் கசக்கும். பிலிக்கல்பாளையம் ஏலத்தில் அதற்கு விலை கிடைக்குமா?

வேப்பிலும் இதுதான் நடக்கிறது. பஞ்சு நனைந்து இருக்கும்வரை திரவம் ஆவியாகும். வாட் கூடினால் பஞ்சு வேகமாக உலரும். திரவம் வந்து சேர்வதற்குள் கம்பி பழுக்கும். கிளிசரின் சிதையும். ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் பிறக்கும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது இந்த நச்சு தென்படவில்லை. அதையே 5 வோல்ட்டில் இயக்கியபோது தென்பட்டது! "அந்தச் சூட்டில் காந்தல் நாற்றம் அடிக்கும். யாரும் இழுக்க மாட்டார்கள்" என்று வேறு சில ஆராய்ச்சியாளர்கள் மறுப்புச் சொன்னார்கள். ஆனால் சூடு ஏறினால் நச்சு பிறக்கும் என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

பேட்டரியையும் நினைக்க வேண்டும். நம் வீட்டுச் சிறிய பிளக்கில் 6 ஆம்பியர் போகும். விரல் அளவு பேட்டரி ஒன்று 80 வாட் கொடுக்க வேண்டுமானால், சுமார் 22 ஆம்பியரைத் தள்ள வேண்டும்! 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேப் வெடித்து, அதன் துண்டு தலையில் பாய்ந்து ஒருவர் இறந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டிலேயே மின்சார சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் தடை வந்தது. செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் குற்றத்துக்கு ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆகவே, இங்கே திருட்டுத்தனமாக விற்கும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது? அதைச் சோதித்துச் சொல்ல யாரும் இல்லை!

சட்டைப்பையில் இருந்த வழி

டிரைவருக்கு இவ்வளவையும் சுருக்கமாகச் சொன்னேன். "80 வாட்டில் பெரிதாவது ஆவிதான், அண்ணா. உங்கள் நெஞ்சுக்கு ஒரு பலனும் இல்லை" என்றேன்.

அவர் முகம் வாடியது. "அப்ப நான் எப்படித்தானுங்க விடறது?" என்றார்.

"பையில் இருக்கும் பீடிக் கட்டை எடுங்கள்" என்றேன். எடுத்தார். திருப்பிக் காட்டினேன். எச்சரிக்கைப் படத்துக்குக் கீழே ஓர் எண் இருந்தது: 1800-11-2356. புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் அது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இதை அச்சிடச் சட்டம் இருக்கிறது.

"அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேளுங்கள். நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. புகையை விட்டு ஓர் ஆண்டு ஆனால், அதனால் வரும் மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறையும்" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நம்பரு தெரியும்" என்றார்.

செல்போனை எடுத்தார். ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். லாரிச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து, வேப்ப மரத்துப் பக்கம் நடந்தார்.

பீடிக் கட்டு டீக்கடை மேஜைமேலேயே கிடந்தது!