நூல் நகரத்துச் சங்கீதம் – 9: சென்காலன் குரல்

பவர் டேபிளும் ஓவர்லாக்கும் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே காலை தொடங்கி இரவு ஷிப்ட் முடியும்வரை சினிமாப் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும் பனியன் கம்பெனிகளின் ஊரில், மேல்நாட்டு 'சோல்' சங்கீதத்தைப் பற்றி எழுதப் புகுவது சில வாசகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் பருத்தியை நம்பிப் பிழைக்கிற ஜனங்களுக்கு அந்தச் சங்கீதம் அவ்வளவு அந்நியமானதன்று. மிஸிஸிப்பி நதிக்கரையில் பருத்திச் சந்தையாகச் செழித்த மெம்பிஸ் நகரமே பிற்பாடு ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் மூலம் சோல் பாட்டுக்கு ஒரு தலைநகரமாயிற்று; தாளத்தின் முதல் அடியில் முழு பாரத்தையும் இறக்கி, 'ஃபங்க்' என்னும் நடையை 1960-களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிரௌன், பால்ய பிராயத்தில் பருத்தி பறித்தவர்.

இவ்வாரம் நான் சொல்ல வந்தது, பிரியா ராகு என்னும் ஈழத் தமிழ்ப் பெண் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'சந்தோஷம்' என்ற இசைத்தொகுப்பைப் பற்றி. இலங்கையின் யுத்தத்தை விட்டு வெளியேறிய அவருடைய பெற்றோர் குடியேறிய சென்காலன் (அங்குள்ள தமிழர் வாயில் அவ்வூர்ப் பெயர் அப்படித்தான் வழங்குகிறது) ஸ்விட்ஸர்லாந்தின் எம்பிராய்டரி நகரம். முதல் உலக யுத்தத்துக்கு முன்பு அந்நாட்டு ஏற்றுமதியிலேயே பிரதான ஸ்தானம் அதன் பூவேலைத் துணிகளுக்குத்தான். யுத்தம் வந்தது, உடை நாகரிகம் மாறிற்று, ஆர்டர் நின்றது, தொழில் படுத்துவிட்டது. ஒரே சரக்கை நம்பியிருக்கும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வூரில், தந்தை தொடங்கிய குடும்பக் குழுவில் சகோதரரோடு சினிமாப் பாடல்களைப் பாடி வளர்ந்து, வீட்டார் விரும்பாத கறுப்பர் சங்கீதத்தை ஒளிந்து கேட்டுப் பழகி, விமானக் கம்பெனியில் உதிரி பாகம் கொள்முதல் செய்யும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பாட்டெழுதிய பிரியா, யாழ்ப்பாணத்தையே புனைபெயராகச் சூடிக்கொண்ட சகோதரர் ஜாப்னா கோல்டின் இசையமைப்பில் 2021-இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார். மாமல்லபுரத்தில் சறுக்குப் பலகை ஓட்டிய சிறுமியைக் குறித்த 'கமலி' அதில்தான் இருக்கிறது.

'சந்தோஷம்' முழுவதும் ஒரே தரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அயல்நாட்டுச் சந்தையின் பளபளப்புக்காக இழைத்துத் தேய்த்த பாட்டுகள் சில உண்டு. அவற்றில் நம்முடைய நாதம், காலருக்குள் தைத்த லேபிளைப்போல, தேடிப் பார்த்தால்தான் தென்படும். 'ஆடலாம் வா' என்று அவர் அழைக்கும் இடத்திலோ நம் தாளக்கட்டே பாட்டை இழுத்துச் செல்கிறது. கேட்பவரின் தோள் அனுமதி கேளாமல் அசைகிறது. இளையராஜாவின் 1980-களின் பாடல்களில் பேஸ் கிதார், பாடகரின் நிழலாக நில்லாமல் தனக்கென்று ஒரு போக்கில் நடப்பதை, தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பல்லாண்டு கேட்டுப் பண்பட்ட காதுகளுக்கு இந்த நடை பிடிபட அதிக நேரம் வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவில் போட்டுக் கேளுங்கள். ஆனால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் வேண்டாம், அதில் மந்திர ஸ்தாயி பாதி காணாமற் போய்விடும்.