வெண்பிடரி ஓசனிச்சிட்டு

முற்றத்துச் செவ்வரத்தம் பூவின்முன் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டைக் கண்டு, "இதுவே ஹம்மிங் பேட்" என்று கூறுவார் நம்மிடையே பலர் உளர். இதனை எழுதுபவனும் மாணவப் பருவத்தில் அவ்வாறு சொல்லித் திரிந்தவனே. உண்மை யாதெனில், ஓசனிச்சிட்டுக் குடும்பத்தின் ஏறத்தாழ 360 இனங்களுள் ஒன்றேனும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றை அடுத்த தீவுகளுக்கும் வெளியே இயற்கையாக வாழ்வதில்லை. தேன்சிட்டு வேறு குலத்தது. தேனுண்ணும் தொழில் ஒன்றாதலால் தோற்றமும் ஓரளவு ஒத்துவிட்டது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே உண்ணும். ஓசனிச்சிட்டோ, 8 என்னும் இலக்கத்தைக் கிடையாக எழுதுவதுபோலச் சிறகை வீசி, அந்தரத்தில் நிலைத்து நிற்கும், பின்னோக்கியும் பறக்கும்.

அக்குடும்பத்துள் அடையாளங் காண்பதற்கு எளிதென்று எண்ணப்பட்டது வெண்பிடரி ஓசனிச்சிட்டு. 1758இல் லின்னேயசு இதற்குப் பெயரிட்டார். மெக்சிக்கோவின் தென்பகுதி தொடங்கிப் பொலிவியா, பிரேசில் வரையும், திரினிடாட், தொபாகோ தீவுகளிலும் இது வாழ்கின்றது. நீளம் ஏறத்தாழ 12 சதமமீற்றர்; நிறை பத்துக் கிராமுக்குங் குறைவு. ஆணின் தலை நீலம், முதுகு பச்சை, வயிறும் வாலும் வெண்மை. பிடரியிற் பிறைபோன்ற ஒரு வெண்பட்டை. பெண்ணுக்கு மேற்புறம் பச்சை; தொண்டையும் மார்பும் செதில் பதித்தாற்போல் இருக்கும்.

காட்டிலே இதனைத் துரத்திச் செல்லுதல் வீண்முயற்சி. உயர்ந்த மரங்களின் உச்சியிலே திரியும் பறவை இது. ஆயினும் காட்டோரத்தில் மரமோ செடியோ பூத்தவிடத்துத் தாழ இறங்கும். அத்தகைய பூமரத்தைத் தேர்ந்து, வெயிலை முதுகுக்குப் பின்னாக வைத்து, அசையாது காத்திருத்தல் வேண்டும். வெயிலின் திசையை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இப்பறவையின் மின்னும் நிறம் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் வருவது. நிழலில் நீலத்தலை வெறுங் கருமையாகவே தோன்றும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாது, அலகு நேரானதோ வளைந்ததோ, விரித்த வாலில் வெண்மை எவ்வளவு, பிடரியிற் பட்டை உண்டோ என்பவற்றைப் பார்த்த கணமே குறித்துக்கொள்க. அரை நாழிகை கழித்து எழுதும் குறிப்பிற் பாதி கற்பனையாகிவிடும்.

இத்தனை கவனத்தோடு பார்த்து, "வெண்பிடரி, ஆண்" என்று எழுதியவர்களும் ஏமாந்திருக்கின்றனர் என்பதே வியப்பு. பனாமாவின் கம்போவாப் பகுதியில் இப்பறவைகளைப் பிடித்து ஆராய்ந்தோர் 2021இல் வெளியிட்ட முடிவின்படி, இளம்பறவைகள் யாவும் ஆண்கோலத்தையே பூண்டிருந்தன. வளர்ந்த பெண்களுள்ளும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அக்கோலத்தை விடாது வைத்திருந்தன. ஏன்? பெண்கோலத்துப் பறவைகளைப் பூக்களின் அருகே ஆண்கள் ஓயாது துரத்துகின்றன. ஆண்கோலம் பூண்டவற்றுக்கு அத்தொல்லை குறைவு. தேனும் கூடுதலாகக் கிடைக்கின்றது. துணையைக் கவர்வதற்கே பகட்டான இறகு என்று மட்டும் படித்த நமக்கு, உணவின் பொருட்டும் அது பயன்படக்கூடும் என்பது புதிய பாடம்.

ஆதலின், பிடரியில் வெண்பட்டையோடு ஒரு பறவை கண்முன் வந்து நிற்குமாயின், இனத்தின் பெயரைத் தயங்காது எழுதலாம். அடுத்த நிரலில் மட்டும், "ஆண்கோலம், பால் துணியப்படவில்லை" என்று எழுதுவதே முறையாகும்.