‘டவுட்’ என்னும் ஒரு சொல்



ஆசிரியர் பாடத்தை நடத்தி முடிக்கிறார். “விளங்கிற்றா?” என்று வினவுகிறார். பின்வரிசையில் ஒரு கை உயர்கிறது. “ஐ ஹேவ் எ டவுட், சார்” என்கிறான் ஒரு மாணவன். “கேள், தம்பி” என்று ஆசிரியர் முகமலர்ச்சியோடு கூறுகிறார். வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் திட்டக்குடியின் பள்ளிகளிலும் இக்காட்சியைக் காணலாம். சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளிலும் காணலாம். நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால், இதே வாக்கியத்தை இலண்டன் நகரத்து வகுப்பு ஒன்றில் கூறினால் என்ன ஆகும்? என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றான். முதல் வாரத்தில் ஒரு நாள், விரிவுரை முடிந்ததும் எழுந்து, தனக்கு ஒரு ‘டவுட்’ உண்டு என்றானாம். பேராசிரியர் சிறிது நேரம் அவனை நோக்கிவிட்டு, “நான் கூறியவற்றுள் எது சரியன்று என்று கருதுகிறீர்கள்?” என்று கேட்டாராம். இவனோ, புரியாத ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கவே எழுந்தவன். என்ன சொல்வது என்று அறியாமல் அமர்ந்துவிட்டான். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, “நான் செய்த பிழை என்ன, ஐயா?” என்று என்னைக் கேட்டான். அவனுக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் வழக்கில் ‘டவுட்’ என்பது பெரும்பாலும் நம்பிக்கைக் குறைவைக் காட்டும் சொல். “நீர் சொல்வது உண்மைதானா?” என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கிறது. நாமோ அச்சொல்லைக் ‘கேள்வி’ என்னும் பொருளில் வழங்குகிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? நம் தாய்மொழியிலிருந்து வந்தது. “சந்தேகம் கேள்”, “ஐயம் இருந்தால் கேட்டுத் தெளிக” என்றே நாம் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஐயந்திரிபறக் கற்பதே கல்வி என்பது நம் கொள்கை. ஆகவே நம் நாட்டில் ஐயம் கேட்பது ஆசிரியரை மறுப்பது ஆகாது. அவரை நாடுவது ஆகும். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் விலைக்கு வாங்கினர். அதுவே செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. அக்காலம் தொட்டு அவர்கள் மொழி நம் கரையில் வாழ்ந்து வருகிறது. வந்த மொழி இங்குள்ளோர் நாவில் பழகும்போது, இங்குள்ளோர் எண்ணத்தையும் ஏற்றுக்கொள்வது இயல்பே அன்றோ?

ஆயினும், நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் அல்லர். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றுள் அறியாவினா வேறு, ஐயவினா வேறு. “இச்செய்யுளின் பொருள் யாது?” என்று தெரியாத மாணவன் கேட்பது அறியாவினா. “இருளில் கிடப்பது கயிறோ, பாம்போ?” என்று இரண்டில் எது எனத் துணிய மாட்டாமல் கேட்பது ஐயவினா. நம் வகுப்புகளில் ‘டவுட்’ என்ற பெயரால் எழுபவற்றுள் மிகப் பல அறியாவினாக்களே.

இனி, இச்சொல்லின் மற்றொரு திருப்பத்தைக் காண்போம். ஒரு வீட்டில் மோதிரம் காணாமற்போகிறது. “வேலையாள் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்” என்கிறார் வீட்டுக்காரர். நம் மாணவன் அதை ஆங்கிலத்தில், “ஐ டவுட் தட் ஹீ டுக் இட்” என்று எழுதுகிறான். இதைப் படிக்கும் இலண்டன்காரர் என்ன பொருள் கொள்வார்? “அவன் எடுத்திருக்க மாட்டான் என்றே எண்ணுகிறேன்” என்று கொள்வார். ஒருவர் குற்றம் சாட்டுகிறார். மற்றவர் காதில் அது விடுதலையாக விழுகிறது. ‘இருக்கும்’ என்ற பக்கம் மனம் சாய்ந்தால் ஆங்கிலேயர் ‘சஸ்பெக்ட்’ என்பர்; ‘இராது’ என்ற பக்கம் சாய்ந்தால் ‘டவுட்’ என்பர். தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் இரு பக்கமும் சாயும். ஏழை ஒருவனின் மானம் ஒரு சொல்லில் தொங்கும்போது, இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தி ஆகாது.

அப்படியானால் நாம் மட்டுமே இச்சொல்லைப் பிறழ வழங்குகிறோமா? இல்லை. ஸ்காத்லாந்து மக்களின் பேச்சைக் கேளுங்கள். “மழை வரும் என்று டவுட் செய்கிறேன்” என்று அங்குள்ள முதியவர் ஒருவர் கூறினால், “மழை வரும் போலிருக்கிறது” என்பதே பொருள். குடையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வாக்கியத்தை இலண்டன்காரர் கூறினால், “மழை வராது” என்று பொருள். குடையை வீட்டிலேயே வைத்துவிடலாம். ஒரே தீவு, ஒரே மொழி, ஒரே வாக்கியம்; பொருளோ நேர்மாறு! ஷேக்ஸ்பியரும் தம் ஹாம்லெட் நாடகத்தில், தீங்கு நடந்திருக்க வேண்டும் என்று இளவரசன் கருதும் இடத்தில் இச்சொல்லையே ஆள்கிறார். ஆகவே ஸ்காத்லாந்தியர் வழக்கும் நம் வழக்கும் ஆங்கிலத்தின் பழைய வழக்குக்கு அயலானவை அல்ல.

இச்சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. இதன் மூலம் இலத்தீன். ‘இரண்டு’ என்னும் எண்ணுப்பெயரோடு தொடர்புடையது என்பர் மொழிநூலார். இரு மனமாய் நிற்பதே அதன் அடிப்பொருள். எழுத்தில் நின்று ஒலியில் மறையும் ‘பி’ என்னும் எழுத்தும் அந்த இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலத்தார் இட்டதே. அதே மூலத்தில் தோன்றிய ‘தூடா’ என்னும் சொல்லை ஸ்பானியர் ஐயத்துக்கும் வழங்குகின்றனர். ஆசிரியரிடம் கேட்கும் கேள்விக்கும் வழங்குகின்றனர். நம் வகுப்பு மாணவன் அவர்களிடையே சென்றால் வீட்டில் இருப்பது போலவே உணர்வான்.

பெரியோர் அவையிலும் இத்தகைய குழப்பம் நேர்ந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைத் தலைவர்களும் அமெரிக்கப் படைத் தலைவர்களும் கூடி ஆராய்ந்தனர். ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றனர் பிரிட்டிஷார். உடனே எடுத்து விவாதிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்க வழக்கிலோ, அதற்கு ஒத்திவைத்து ஒதுக்கிவிடுதல் என்று பொருள். நெடுநேரம் கடுமையாக வாதாடிய பின்னரே, இரு சாராரும் விரும்பியது ஒன்றே என்பது விளங்கிற்று. இதனைச் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

இவற்றால் நாம் அறிவது யாது? சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் தங்கியிருப்பதில்லை; சொல்பவர், கேட்பவர், இடம் ஆகிய மூன்றிலும் தங்கியிருக்கிறது. தமிழிலேயே பாருங்கள்: ‘ஐயம்’ என்பது நன்னூலில் தெளிவின்மை, ஔவையாரின் ஆத்திசூடியில் அதுவே இரப்போர்க்கு இடும் பிச்சை. இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம்.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ‘டவுட்’ என்று எழுந்த சிறுவன் ஒருவனை, “அது ஆங்கிலமே அன்று, திருத்திச் சொல்” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்தேன். வகுப்பு சிரித்தது. அவன் திருத்திச் சொன்னான். ஆனால், கேட்க வந்ததைக் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கடைவீதியில் என்னை வணங்கியவன், “அன்றோடு வகுப்பில் கேட்பதையே விட்டுவிட்டேன், ஐயா” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு சொல்லைத் திருத்தினேன். ஒரு மாணவனின் வாயை அடைத்தேன்.

ஆதலின் மாணவர்களே, நம் ஊர் வகுப்பில் ‘டவுட்’ என்று சொல்ல நாண வேண்டா. ஆசிரியருக்கு அது விளங்கும். அயல்நாட்டாரோடு பேசும்போதும், அவர்களுக்கு மடல் எழுதும்போதும், கேள்விக்குக் ‘கொஸ்டின்’ என்றும், ஒருவர்மேல் எழும் சந்தேகத்துக்குச் ‘சஸ்பெக்ட்’ என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். பிறர் சொல் உங்களைச் சுட்டதாகத் தோன்றினால், சினம் கொள்ளுமுன், “தாங்கள் கருதிய பொருள் யாது?” என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இலண்டன் சென்ற என் மாணவன் இன்று அவ்வாறே செய்கிறான். கேட்பதை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

வினாவுதலும் மாணவன் கடமைகளுள் ஒன்று என்பது நன்னூல் காட்டும் நெறி. எந்தச் சொல்லால் கேட்பது என்பதைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம். முதலில் கையை உயர்த்துங்கள்.